ஆட்டோமேட்டிக் காரில் கியர் லிவர் லொடலொடவென்று ஆடுகிறது, கியர் மாறவில்லை: கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

அவிநாசி_வாசி எழுதியது:

வணக்கமுங்க. எங்கள் வீட்டில் 2012 மாடல் ஆட்டோமேட்டிக் ஹேட்ச்பேக் இருக்கிறது. நாலு கியர், டார்க் கன்வெர்ட்டர் வகை (இஞ்சின் விசையை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்துவது). பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது புளியம்பட்டி சந்தை நெரிசலில் ஓரங்கட்டி ரிவர்ஸ் போட்டால், வண்டி முன்னால் போகிறது. பிரேக்கை மிதித்துக்கொண்டு பார்க், நியூட்ரல் என்று எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்தேன். லிவர் அதுபாட்டுக்குப் போய் வருகிறது. ஒவ்வொரு கியரிலும் விழுகிற அந்த ‘டக்’ இல்லை. மீட்டரில் ‘டி’ எழுத்து மட்டும் மாறவே இல்லை.

ரெக்கவரி வண்டியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தாயிற்று. பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் லிவரை ஆட்டிப் பார்த்துவிட்டு, “கியர்பாக்ஸ் போயிருச்சுங்க, இறக்கிப் பிரிச்சாத்தான் தெரியும்” என்கிறார்கள். சொல்கிற தொகை வண்டி விலையில் பாதிக்குக் கிட்ட வருகிறது.

இன்னொன்று. கொஞ்ச நாளாகவே லிவரில் ஒரு லூஸ் இருந்தது. சில நாள் காலையில் பார்க்கில் வைத்துச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகாது, நியூட்ரலுக்குத் தள்ளினால் உடனே எடுத்துக்கொள்ளும். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? அப்பாவைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக இந்த வண்டிதான். ஒரு வழி சொல்லுங்க.

பொள்ளாச்சி_ஒர்க்‌ஷாப் எழுதியது:

அண்ணா, கியர்பாக்ஸை இறக்க இப்போதைக்குச் சம்மதிக்காதீங்க. நீங்கள் சொன்ன அறிகுறி எல்லாம் ஒரே இடத்தைக் காட்டுகிறது, ஷிப்ட் கேபிள். அதிலும் கேபிள் நன்றாக இருந்து, நுனியில் இருக்கிற புஷ் மட்டும் போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

லிவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருப்பது ஒரு கேபிள்தான். அதன் முன் நுனியில் கண் மாதிரி ஒரு ஓட்டை இருக்கும். அந்தக் கண்ணுக்குள் ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு சின்ன வளையம், அதுதான் புஷ். கியர்பாக்ஸ் மேலே ஒரு சின்ன இரும்புக் கை நீட்டிக்கொண்டிருக்கும், அந்தக் கையில் இருக்கிற ‘பின்’ என்ற சின்ன இரும்புக் குச்சி இந்தப் புஷ்ஷுக்குள் அழுந்தி உட்காரும். இஞ்சின் சூடு, ஆயில் கசிவு, அதிர்வு எல்லாம் சேர்ந்து புஷ் காய்ந்து வெடித்து உதிரும். அதற்கப்புறம் கண் பின்னை விட்டு நழுவிவிடும். நீங்கள் உள்ளே லிவரை எங்கே தள்ளினாலும் கேபிள் வெறுமனே போய் வரும். கியர்பாக்ஸ் கடைசியாக எந்தக் கியரில் இருந்ததோ அங்கேயே நிற்கும். உங்களுக்கு அது டிரைவ். அதனால்தான் ரிவர்ஸ் போட்டும் முன்னால் போயிருக்கிறது.

காலையில் ஸ்டார்ட் ஆகாததும் இதனால்தான். கியர்பாக்ஸ் பக்கத்தில் ஒரு ஸ்விட்ச் உண்டு. பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும்தான் அது ஸ்டார்ட்டருக்கு வழிவிடும். புஷ் தேய்ந்து ஆட்டம் கொடுத்தால், லிவர் பார்க்கில் இருந்தாலும் அந்தக் கை பார்க் வரைக்கும் முழுசாகப் போய்ச் சேராது. ஸ்விட்சும் வேலை செய்யாது. இந்த ஒரு அறிகுறி வந்த அன்றே பானெட்டைத் திறந்து பார்ப்பது நல்லது.

சரி, சோதிக்கும் விதம். சமதரையில் வண்டி நிற்கட்டும். ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுத்து, முன்னும் பின்னும் டயருக்குக் கட்டை கொடுங்க. இஞ்சின் ஆஃப், சாவி ஆன் வரைக்கும் மட்டும், ஸ்டார்ட் செய்யக் கூடாது. கேபிள் நுனி பெரும்பாலும் பேட்டரி தட்டுக்கோ ஏர் ஃபில்டர் பெட்டிக்கோ கீழே இருக்கும். வீட்டில் யாரையாவது உள்ளே உட்காரவைத்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு லிவரைப் பார்க்கிலிருந்து கடைசி வரைக்கும் மெதுவாக நகர்த்தச் சொல்லுங்க. கேபிள் நுனி அசைந்து, இரும்புக் கை அசையாமல் நின்றால் பாதி விடை கிடைத்தாயிற்று. அப்புறம் லிவரைப் பார்க்குக்குக் கொண்டுவந்து, சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, அந்தக் கையை நீங்களே விரலால் பிடித்து நகர்த்துங்க. ஒவ்வொரு கியருக்கும் ‘டக், டக்’ என்று விழ வேண்டும். அந்தப் பிடிப்பைத் தருவது கியர்பாக்ஸுக்குள் இருக்கிற ஒரு பல்தகடும், அதன்மேல் அழுந்தி உருளும் ஸ்பிரிங்கும். அது சுத்தமாக விழுந்தால் லிவர் லூஸுக்காக கியர்பாக்ஸைத் திறக்க ஒரு காரணமும் இல்லை.

இஞ்சின் ஓடும்போது அந்தக் கையைத் தொடவே கூடாது. வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு டிரைவில் தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கோபி_வயக்காடு எழுதியது:

ஒரு சந்தேகமுங்க. பார்க்கில் போடாவிட்டால் சாவியே கழறாது என்பார்களே. அவிநாசி அண்ணனுக்குச் சாவி கழன்றதா?

அவிநாசி_வாசி எழுதியது:

கழன்றதுங்க. அதனால்தான் நானும் பார்க்கில் விழுந்துவிட்டது என்று நினைத்து இறங்கப் போனேன். நல்லவேளை, மீட்டரில் ‘டி’ தெரிந்ததால் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன்.

பொள்ளாச்சி_ஒர்க்‌ஷாப் எழுதியது:

இந்த இழையில் எல்லோரும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சாவியைப் பிடித்து வைக்கிற பூட்டு லிவர் பக்கம் இருக்கிறது. லிவர் பார்க்குக்கு வந்துவிட்டால் சாவியை விட்டுவிடும். கியர்பாக்ஸ் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. லிவர் பக்கத்தில் அச்சடித்திருக்கிற எழுத்துக்கும் தெரியாது. பெரும்பாலான வண்டிகளில் மீட்டரில் எரிகிற எழுத்துதான் கியர்பாக்ஸ் பக்கத்து ஸ்விட்சிலிருந்து வருகிறது. இரண்டும் வேறு வேறாகக் காட்டினால் மீட்டரை நம்புங்க.

கேபிள் கழன்ற வண்டியில் லிவர் பார்க்கில் இருக்கும், சாவி கையில் இருக்கும், ஆள் இறங்கிப் போய்விடுவார். வண்டி உருளும். இஞ்சினை நிறுத்தாமல் இறங்கினால் இன்னும் மோசம், தானாகவே நகர்ந்துபோகும். கேட்டைத் திறக்க இறங்குகிறவர்கள், தோட்டத்துச் சாலையில் பிள்ளைகளை இறக்கிவிடுகிறவர்கள் எல்லாம் இதை மனதில் வையுங்க. முதலில் ஹேண்ட் பிரேக், அப்புறம் பார்க், அப்புறம்தான் பிரேக்கிலிருந்து கால். இந்த வரிசையை மாற்றாதீங்க.

பெருந்துறை_டீச்சர் எழுதியது:

நான் மேனுவல் வண்டி ஓட்டிப் பழகியவள். ஏற்காடு, வால்பாறை போனால் மேட்டில் ஃபர்ஸ்ட் கியரில் போட்டு நிறுத்துவோம், இஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் டிரைவிலேயே மாட்டிக்கொண்டால் அதேபோல் பிடிக்காதா?

பொள்ளாச்சி_ஒர்க்‌ஷாப் எழுதியது:

பிடிக்காதுங்க டீச்சர். மேனுவலில் சக்கரத்துக்கும் இஞ்சினுக்கும் நடுவில் கிளட்ச் இறுகிப் பிடித்திருக்கிறது. டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் உள்ளே இருக்கிற கிளட்சுகளை இறுக்குவது ஆயில் அழுத்தம். அந்த அழுத்தத்தைத் தருவது இஞ்சின் சுற்றினால்தான் சுற்றுகிற ஒரு பம்ப். இஞ்சின் நின்றதும் அழுத்தமும் போய்விடும், டிரைவும் நியூட்ரல் மாதிரிதான். இறக்கத்தில் நிற்கிற வண்டியை கியர்பாக்ஸ் பிடிப்பது பார்க்கில் மட்டும். அதுவும் ஒரு சின்ன இரும்பு நாக்கு ஒரு பல்சக்கரத்தில் விழுந்து பிடிப்பதுதான். கேபிள் அந்த நாக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை என்றால் ஹேண்ட் பிரேக்கைத் தவிர வேறு எதுவும் இல்லை.

கட்டி இழுக்கும்போதும் இதே பம்ப் கதைதான். முன்சக்கரம் ஓட்டுகிற ஆட்டோமேட்டிக்கை முன்சக்கரம் தரையில் உருள இழுத்துப் போனால் உள்ளே ஆயில் ஓடாமல் தேயும். அவிநாசி அண்ணன் ஏற்றிக்கொண்டு வந்தது சரியான முடிவு.

சத்தி_ரோடு எழுதியது:

புளியம்பட்டியில் நின்றதால் ஆள் கிடைத்தது. இதே கோளாறு திம்பம் ஏறும்போது வந்தால் என்னங்க செய்வது? 27 கொண்டை ஊசி வளைவு, இரண்டு பக்கமும் காடு, யானை நடமாட்டம். 2022 பிப்ரவரியிலிருந்து ராத்திரிப் போக்குவரத்துக்கும் தடை. பல இடத்தில் போன் சிக்னலும் கிடைக்காது. இருட்டுவதற்குள் கீழே வந்தாக வேண்டும். நுனியைக் கட்டுக்கம்பியால் கட்டிக்கொண்டு இறங்கலாமா?

பொள்ளாச்சி_ஒர்க்‌ஷாப் எழுதியது:

அந்த மாதிரி இடத்தில் கம்பியை நம்புவதைவிடக் கையால் கியரை வைப்பது மேல் என்று தோன்றும், ஆனால் அதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. முறை இதுதான். ஹேண்ட் பிரேக், நாலு சக்கரத்துக்கும் கல், இஞ்சின் ஆஃப். பானெட்டைத் திறந்து கேபிளைத் தனியாக எடுத்துச் சூடுபடாத இடத்தில் ஒதுக்கிக் கட்டிவிடுங்க. இரும்புக் கையை ஒரு கோடிக்குத் தள்ளினால் அது பார்க். அங்கிருந்து ஒவ்வொரு ‘டக்’காக எண்ணினால் ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ். சாவியை ஆன் செய்து மீட்டரில் எழுத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்க.

கஷ்டம் என்னவென்றால், டிரைவில் வைத்தால் ஸ்டார்ட் ஆகாது. நியூட்ரலில் வைத்து ஸ்டார்ட் செய்தால், ஓடுகிற இஞ்சினுக்குள் கையை விட்டு டிரைவுக்குத் தள்ள வேண்டும். அதைச் செய்யாதீங்க என்று மேலேயே சொன்னேன். அதனால் தப்பித்து வருகிற வழி என்பது கேபிள் நுனி ஓரளவுக்காவது பின்னில் உட்காரும் வண்டிக்குத்தான். அப்படி உட்கார்ந்தால் கம்பியோ பிளாஸ்டிக் டேகோ போட்டு அது மேலே எழும்பாமல் இறுக்கி, எங்கேயும் நிறுத்தாமல் அடிவாரத்தில் இருக்கிற பண்ணாரி செக்போஸ்ட் வரைக்கும் வாருங்க. அங்கே நிறுத்தி ரெக்கவரிக்குச் சொல்லுங்க. உட்காரவில்லை என்றால், வருகிற வண்டியில் செக்போஸ்டுக்குத் தகவல் சொல்லி அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி உள்ளேயே இருங்க.

கம்பி கட்டிய வண்டியை மறுநாளும் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிடிப்பு இறுகி இருக்கிறது, நன்றாகத்தானே போகிறது என்பார்கள். கண்ணுக்குள் அந்தப் பின் சுழல வேண்டும், கம்பி அதைச் சுழல விடாது. ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் கம்பி கொஞ்சம் கொஞ்சமாக அறுந்துகொண்டே வரும்.

சூலூர்_டு_ஹூஸ்டன் எழுதியது:

வெளியூரில் இருந்தாலும் இந்த இழையைப் படித்துக்கொண்டே வருகிறேன். இது நம் ஊர்ப் பழைய வண்டிக்கு மட்டும் வருகிற கோளாறு என்று யாரும் நினைக்க வேண்டாம். இங்கே ஃபோர்டு கம்பெனி 2018இல் ஐந்தரை லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது, ஃப்யூஷனும் எஸ்கேப்பும். காரணம் இதே புஷ்தான். 2022 ஜூனில் மறுபடியும், அந்தத் தடவை 29 லட்சம் வண்டி. முன்பே சரிசெய்து கொடுத்தவையும் அதில் சேர்ந்திருந்தன. வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் புஷ் கெட்டுப்போய் கேபிள் கழன்றுவிடுகிறது, டிரைவர் பார்க் என்று நினைத்து இறங்கினால் வண்டி உருள்கிறது என்று அறிவித்தார்கள். தீர்வு, புது புஷ்ஷும் அதன்மேல் ஒரு பாதுகாப்பு மூடியும். கியர்பாக்ஸைப் பிரிக்கும் பேச்சே இல்லை. அந்த ஒர்க்‌ஷாப்பில் இதைச் சொல்லிப் பாருங்க.

சிங்காநல்லூர்_லேத் எழுதியது:

அண்ணனுங்களா, ஒரு வழி சொல்கிறேன். ஷோரூமில் கேட்டால் புஷ் தனியாக வராது, முழு கேபிள்தான் என்பார்கள். பழைய மாடலுக்கு அதுவும் வர நாளாகும். கேபிள் நல்லா இருந்தால் புஷ்ஷை நாங்களே கடைந்து கொடுக்கிறோம். பம்ப் செட்டுக்கும் ஸ்பின்னிங் மில் சாமானுக்கும் ராப்பகலாகக் கடைகிற ஊர் இது, ஒரு புஷ் பெரிய காரியம் இல்லை. பின்னையும் கேபிள் கண்ணையும் கொண்டுவந்தால் வெர்னியரில் அளந்து நைலானில் கடைந்து கொடுத்துவிடுவேன். பித்தளை கேட்பவர்களும் உண்டு, நான் கொடுக்க மாட்டேன். இஞ்சின் அதிர்வை அப்படியே லிவருக்குக் கொண்டுவரும், பின்னையும் தின்றுவிடும்.

பொள்ளாச்சி_ஒர்க்‌ஷாப் எழுதியது:

நீங்கள் பித்தளை வேண்டாம் என்பதை முழுக்க ஒத்துக்கொள்கிறேன். நைலானிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கம்பெனி புஷ்ஷில் உள்ளே ஒரு உதடு இருக்கும். பின்னின் தலைக்குக் கீழே சுற்றிலும் ஒரு காடி (பள்ளம்), அதில் அந்த உதடு போய் விழுந்து பிடிக்கும். அழுத்தினால் ‘டப்’ என்று உட்காரும், கையால் இழுத்தால் வரக் கூடாது. வெறும் வளையமாகக் கடைந்து கொடுத்தால் ஆட்டம் போய்விடும், ஆனால் கழன்று வருவதைத் தடுக்க எதுவும் இல்லை. அங்கேதான் ஆபத்தே இருக்கிறது.

சிங்காநல்லூர்_லேத் எழுதியது:

நியாயமான பேச்சு. உதடு கடையலாம், ஆனால் நைலான் ரப்பர் அளவுக்கு வளைந்து கொடுக்காது, ஏற்றும்போதே வெடிக்கலாம். அதனால் நான் பின் தலைக்கு மேல் ஒரு வாஷரும் குறுக்கே ஒரு பூட்டு பின்னும் போடுவேன். பின் தலையில் துளை போட இடம் இருக்கிற வண்டிக்கு மட்டும்தான். இல்லாவிட்டால் செய்து தர முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன்.

பொள்ளாச்சி_ஒர்க்‌ஷாப் எழுதியது:

பூட்டு பின்னோடு என்றால் சரிங்க, நானும் அனுப்புகிறேன். தனி புஷ்ஷாக ஆன்லைனில் விற்பதும் உண்டு, பின் விட்டமும் கண் விட்டமும் அளந்து வாங்க வேண்டும். கேபிளின் மேல் உறை வெடித்திருந்தாலோ, உள்கம்பி துரு ஏறி இறுகியிருந்தாலோ புஷ் மாற்றிப் பிரயோஜனம் இல்லை, முழு கேபிள்தான். கிளட்ச் கேபிள் இழுக்க மட்டும் செய்யும். இது இழுக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும். எங்காவது மடிந்தாலோ துரு ஏறினாலோ தள்ளுகிற வேலையைச் செய்யாது.

திருப்பூர்_நிட்ஸ் எழுதியது:

என்னுடையது ஏஎம்டி வண்டி. அடிக்கடி நியூட்ரலில் நின்றுவிடுகிறது. எனக்கும் இந்தக் கேபிள்தானா?

பொள்ளாச்சி_ஒர்க்‌ஷாப் எழுதியது:

இல்லைங்க. 2014இல் மாருதி செலேரியோவோடு நம் நாட்டுக்கு வந்த வகை அது. மேனுவல் கியர்பாக்ஸின் மேல் ஒரு இயக்கி உட்கார்ந்து கிளட்சையும் கியரையும் மாற்றும். அநேகமாக எல்லா ஏஎம்டியிலும் லிவர் வெறும் ஸ்விட்ச்தான், கியர்பாக்ஸுக்குக் கேபிள் போகாது, பார்க்கும் கிடையாது. இயக்கியையும் கிளட்சையும் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. தனி இழை ஆரம்பித்தால் அங்கே பேசலாம்.

அவிநாசி_வாசி எழுதியது:

பார்த்துவிட்டேனுங்க. பேட்டரியையும் தட்டையும் கழற்றினால் கண் பின்னுக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கிறது. புஷ் இருந்த இடத்தில் பழுப்பாக, விரலில் தேய்த்தால் பொடியாகிற ரப்பர்த் துணுக்குதான் மிச்சம். பின்னின் ஒரு பக்கம் கண் உரசிப் பளபளவென்று இருக்கிறது. இரும்புக் கையை நகர்த்தினேன், ஒவ்வொரு கியரும் ‘டக்’கென்று விழுகிறது. மேல் உறை முழுசாக இருக்கிறது, கேபிளும் லேசாகப் போய் வருகிறது. கியர்பாக்ஸை இறக்க வேண்டாம் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லிவிட்டேன். உதடு வைத்த புஷ்ஷை அளவு பார்த்து வாங்கியாயிற்று. போட்ட பிறகு அட்ஜஸ்ட்மென்ட் ஏதாவது உண்டா?

பொள்ளாச்சி_ஒர்க்‌ஷாப் எழுதியது:

ரொம்ப சந்தோஷம் அண்ணா. பின் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது என்கிறீங்க. நகத்தை வைத்துத் தடவிப் பாருங்க. படி மாதிரி தட்டுப்பட்டால் இரும்புக் கையையும் மாற்றிவிடுங்க, இல்லாவிட்டால் புது புஷ் சீக்கிரம் அறுபடும். வெறும் பளபளப்பு என்றால் பரவாயில்லை.

புஷ்ஷுக்கு சிலிகான் கிரீஸ் கொஞ்சம் தடவுங்க. சாதாரண கிரீஸும் இஞ்சின் ஆயிலும் ரப்பரை ஊதவைக்கும். மேலே வால்வ் கவரிலிருந்து ஆயில் சொட்டினால் அதையும் கையோடு நிறுத்திவிடுங்க.

அட்ஜஸ்ட்மென்ட் கட்டாயம் பார்க்க வேண்டும். கேபிளின் ஒரு நுனியில் நட்டோ பிளாஸ்டிக் பூட்டோ இருக்கும், அதைத் தளர்த்துங்க. உள்ளே லிவர் நியூட்ரலில், கியர்பாக்ஸ் கையும் நியூட்ரலில். இரண்டையும் அப்படியே வைத்து, கேபிளை இழுக்காமல் தள்ளாமல் இயல்பாக நிற்கும் இடத்தில் பூட்டை இறுக்குங்க. சில மாடலுக்குப் பார்க்கில் வைத்துச் செய்யச் சொல்லியிருக்கும், சர்வீஸ் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பாருங்க. பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும் ஸ்டார்ட் ஆக வேண்டும், மற்ற எதிலும் ஆகக் கூடாது. ரிவர்ஸ் லைட் ரிவர்ஸில் மட்டும் எரிய வேண்டும். மீட்டர் எழுத்தும் லிவர் எழுத்தும் எல்லா இடத்திலும் ஒத்துப்போக வேண்டும். கடைசியாக, லேசான இறக்கத்தில், முன்னால் ஆளோ வண்டியோ இல்லாத இடத்தில் பார்க்கில் போட்டு, ஹேண்ட் பிரேக் இல்லாமல் கால் பிரேக்கை மெதுவாக விடுங்க. வண்டி ஒரு சின்ன அசைவோடு நின்றுவிட வேண்டும். உருண்டால் உடனே பிரேக்கை மிதித்து, அட்ஜஸ்ட்மென்டை மறுபடி செய்யுங்க. இந்தக் கடைசிச் சோதனை தேறாமல் அப்பாவை ஏற்றாதீங்க.

அவிநாசி_வாசி எழுதியது:

நகத்தில் எதுவும் தட்டவில்லை. எல்லாச் சோதனையும் சரியாக வந்தது, எங்கள் ஊர் வாய்க்கால் மேட்டு இறக்கத்தில் பார்க்கும் பிடித்தது. லிவர் பழையபடி ‘டக்’கென்று விழுகிறது. பெரிய செலவிலிருந்து காப்பாற்றிவிட்டீங்க, ரொம்ப நன்றிங்க.

நாமக்கல்_முட்டை எழுதியது:

எனக்கு நேர்மாறான பிரச்சினை. ஆட்டோமேட்டிக் செடான், லிவர் பார்க்கிலேயே இறுகிக் கிடக்கிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது. ஷெட்டில் எலித் தொல்லை வேறு. கேபிள் துரு ஏறி இறுகிவிட்டதா, எலி ஏதாவது செய்ததா?

பொள்ளாச்சி_ஒர்க்‌ஷாப் எழுதியது:

கேபிளுக்குப் போகும் முன்னால் ஒன்று பாருங்க. பிரேக்கை மிதித்தால்தான் லிவரைப் பார்க்கிலிருந்து விடுகிற ஒரு பூட்டு உண்டு. அதற்குச் சேதி போவது பெரும்பாலும் பிரேக் லைட் ஸ்விட்சிலிருந்து. யாரையாவது பின்னால் நிற்கச் சொல்லிப் பிரேக்கை மிதியுங்க. லைட் எரிகிறதா?

நாமக்கல்_முட்டை எழுதியது:

எரியலைங்க. ஒரு பக்கமும் எரியலை.

பொள்ளாச்சி_ஒர்க்‌ஷாப் எழுதியது:

அப்போ முதலில் பிரேக் லைட் ஃபியூஸ், அடுத்து பெடலுக்கு மேலே இருக்கிற ஸ்விட்ச், அதற்கப்புறம் எலி கடித்த வயர் இருக்கிறதா என்று அந்த வரிசையிலேயே பாருங்க. அவசரமாக வண்டியை எடுக்க வேண்டும் என்றால், லிவர் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும், சில வண்டியில் பட்டனாகவே இருக்கும். ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொண்டு, அதற்குள் சாவியையோ ஸ்குரூடிரைவரையோ விட்டு அழுத்தினால் லிவர் வெளியே வரும். ஆனால் பிரேக் லைட் இல்லாத வண்டியை சேலம் பைபாஸில் ஏற்றாதீங்க, பின்னால் லாரி வருகிற ரோடு அது. பக்கத்தில் இருக்கிற எலக்ட்ரீஷியன் கடை வரைக்கும் மட்டும் கொண்டுபோங்க.